அக்காவின் புத்தகத்துக்கு ஓர் அணிந்துரை

தெம்பனிஸ், சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

தம்பி சேகர் எழுதுவது. ஈப்போவில் மழை விட்டதா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. வாட்ஸ்அப்பில் நான்தான் செத்துவிட்டேன். இலக்கியக் குழுக்கள் அத்தனையிலிருந்தும் வெளியேறிவிட்டேன். விடிந்தால் ரோஜாப்பூ, மதியம் பிறந்தநாள் கேக், இரவில் ஏதோ ஒரு கவிமாமணிக்கு வாழ்த்து. குமட்டிவிட்டது அக்கா.

கப்பல் நிறுவன வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. இனி எழுத்துதான் என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன். நாவல் எங்கேடா என்று நீ கேட்பாய். எழுத விட்டால்தானே! வாரம் தவறாமல் சிராங்கூன் சாலைப் பக்கம் யாராவது நூல் வெளியிடுகிறார்கள். மேடையேறினால் ஒரு பொன்னாடை, இறங்கினால் ஒரு வடை. வடையில் எண்ணெய் சொட்டும். பேச்சில் அதைவிட அதிகமாகச் சொட்டும். வீடு திரும்பினால் எவனாவது கையெழுத்துப் பிரதியோடு அணிந்துரைக்கு நிற்பான்.

பாலிகிளினிக்கில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், டெய்லி என்ன சாப்பிடுறீங்க?" என்றாள். "இலக்கியம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது. இடது பாதத்தில் ஒரு புண் வேறு ஆறாமல் கிடக்கிறது.

ஆகவே வாழ்க்கையை மாற்றுகிறேன். விடியற்காலையில் நடை. காலை முழுக்க நாவல். மாலையில் துணைப்பாடத்துக்கு வரும் பிள்ளைகள். நேரத்தோடு தூக்கம். கை பழக வேண்டும் என்பதற்காக உனக்கு மட்டும் கடிதம், நீயும் கையால்தான் பதில் எழுத வேண்டும். "எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்லா" என்கிறாள் கண்மணி. கட்டிய மனைவிக்கே நம்பிக்கை இல்லை, பார்த்தாயா?

உன் தம்பி,
ஞானசேகரன்


ஈப்போ
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி சேகருக்கு,

அக்காவின் ஆசிகள். கண்மணியையும் கேட்டதாகச் சொல். உன் கையெழுத்து இன்னும் கோழி கிண்டிய மாதிரிதான் இருக்கிறது. முழங்கால் அப்படியேதான், மாடிப்படி பார்த்தால் பயமாக இருக்கிறது. புண்ணை மூடி மூடி வைக்காதே, டாக்டர் சொல்கிறபடி கட்டு.

நீ வாழ்க்கையை மாற்றுகிற வேளையில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன், அத்தானும் போய்ச் சேர்ந்தார், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் யாருக்கும் தெரியாமல் கதைகள் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு தேறும். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இங்கே யாரிடம் காட்டினாலும் "டீச்சர் எழுதினா சும்மாவா" என்பார்கள். உன் முதல் தொகுப்பின் அச்சுப்படியை வைத்துக்கொண்டு நீயே உன் வரிகளை "இது பொய், இது நடிப்பு" என்று அடித்துத் தள்ளியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணால் என் கதைகளைப் பார். நன்றாக இல்லை என்று நீ சொன்னால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுக் கொல்லையில் வெண்டைக்காய் போடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று நிஜமாகவே பட்டால் மட்டும் அணிந்துரை எழுது. அறுபத்தொரு வயதுக்காரிக்குத் தயவு வேண்டாம், பதில் வேண்டும்.

பழுப்பு உறையில் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா


தெம்பனிஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் முழங்கால் நலமா? உன் உறை புதன்கிழமை வந்தது. இன்று ஞாயிறு. நாலே நாளில் அணிந்துரையை முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், தம்பியின் வேகத்தைப் பார்! 'பஞ்சவர்ணத்தின் கதைமாந்தர்கள் நம்மோடு தோளுரசி நடக்கிறார்கள். மலேசிய மண்ணின் மணம் பக்கத்துக்குப் பக்கம் வீசுகிறது' என்று ஆரம்பித்திருக்கிறேன். நீ தைரியமாகப் புத்தகம் போடலாம்.

நேற்று நடந்த அசிங்கத்தைக் கேள். வர்ஷா என்று ஒரு பெண், இப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்தவள். முதல் சிறுகதைத் தொகுப்பு. எங்கள் இலக்கிய வட்டத்தின் செயலாளர் அழகப்பன்தான் சிறப்புரை. மனிதர் மைக்கைப் பிடித்து, "இந்தக் கவிதைகளில் ததும்பும் சந்தம் இருக்கிறதே" என்று முழங்குகிறார். கவிதைகளாம்! கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கைதட்டல் வேறு. அந்தப் பெண் தட்டில் கேசரியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"அட்லீஸ்ட் அட்டையையாவது பாத்திருக்கலாம்லா சார்" என்றாள்.

தேக்கா சந்தைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக்கொடுத்தேன். படிக்காமல் பேசுகிறவனும் கை கழுவாமல் சமைக்கிறவனும் ஒன்றுதான் அக்கா. அழகப்பன் முகத்தில் இனி விழிக்கவே பிடிக்கவில்லை.

நடை தொடர்கிறது. நாவலும் நகர்கிறது.

பிரியமுள்ள,
சேகர்


ஈப்போ
19 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நலமே. பதில் எழுத நாளாகிவிட்டது. கால் புண் ஆறியதா? வெறுங்காலோடு நடக்காதே.

அணிந்துரை கிடைத்தது. அழகப்பனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் பாவம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு கதையை எடுத்துவிடச் சொன்னால் நீ எதை எடுப்பாய், ஏன்? ஒரு வரி எழுதினால் போதும். உறையை எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டே சொல், அவசரமில்லை.

அக்கா


தெம்பனிஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா?

எதையும் எடுக்காதே! கட்டின மாலையில் பூவைப் பிடுங்குவார்களா? எல்லாமே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதிலும் நடுவில் வரும் கதை என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பெண்ணின் மௌனம்! அதைப் பற்றி நேரில் நிறையப் பேச வேண்டும். நீ தயங்காமல் அச்சுக்குக் கொடு.

இங்கே ஏப்ரல் பிறக்கப்போகிறது, தமிழ்மொழி விழா. நூலகம், சமூக மன்றம், பள்ளிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் தமிழ் தமிழ் என்று தொண்டை கிழியும். மே வந்தால் தமிழைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த ஏப்ரலில்தான் தூசி தட்டுவார்கள். எனக்கு நினைத்தாலே வாந்தி வருகிறது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அழகப்பனே வீட்டுக்கு வந்து, "நீங்க இல்லாம எப்படிங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிலவற்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். மரியாதைக்கு.

நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. நிற்கிறது என்றால் நன்றாக நிற்கிறது.

சேகர்


தெம்பனிஸ்
4 மே 2025

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே. உடம்புக்கு ஒன்றுமில்லையே? முழங்கால் படுத்துகிறதா? அச்சு வேலையில் இருக்கிறாய் என்று கண்மணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் என்னைத் தின்றுவிட்டது. வந்த பொன்னாடைகளில் ஒன்றைக் கண்மணி சலவை இயந்திரத்துக்குப் போர்த்தியிருக்கிறாள், இன்னொன்று பால்கனியில் ஷூ அலமாரிக்கு. சரியான இடம்தான். புண் பெரிதாகிவிட்டது. "அங்கிள், இப்படியே போனா விரலை எடுக்கணும்" என்று டாக்டர் பெண் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை.

கடைசி விழாவில் நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். யாரோ ஒருவருடைய புத்தகத்துக்கு வாழ்த்துரை. முன்வரிசையில் அந்த வர்ஷா உட்கார்ந்திருந்தாள். நான் "இவருடைய கதைமாந்தர்கள்..." என்று தொடங்கினேன். அவள் வாயசைத்தாள். 'நம்மோடு தோளுரசி நடக்கிறார்கள்.' எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள் அக்கா! சத்தமே இல்லை, உதடு மட்டும். பக்கத்திலிருந்த தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் அதையேதான் சொன்னேன், வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. ஊசிப்போன குழம்பை நானே நக்கிப் பார்த்தது மாதிரி இருந்தது.

விடியற்காலை எழுந்திருக்கிறேன் என்பது உண்மை. எழுந்து மேசையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் உண்மை. நாவலைப் பற்றிக் கேட்காதே.

பதில் போடு.

சேகர்


ஈப்போ
17 மே 2025

சேகருக்கு,

நான் நலம். நீயும் கண்மணியும் நலமாக இருக்க வேண்டும்.

இதைக் கோபம் தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

உன் அணிந்துரை வந்த அன்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் எங்கள் முனீஸ்வரர் கோயிலின் புதுச் செயலாளர் பிரபாகர் வந்தார். அத்தான் செயலாளராக இருந்த காலத்துக் கூட்டக் குறிப்புகளை அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தேன், பழுப்பு உறையில். அதைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"டீச்சர், தப்பா குடுத்துட்டீங்க போல. இதுல கோயில் விஷயம் ஒண்ணுமே இல்ல, எல்லாம் கதையா இருக்கு. சாரி டீச்சர், எடுத்துட்டு வைக்க மனசில்லாம எல்லாத்தையும் படிச்சிட்டேன். மூணாவதுல அந்த மாமியார் மட்டும் கொஞ்சம் ரொம்பப் பேசுறாங்க" என்றார்.

அலமாரியில் இரண்டு உறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாற்றிவிட்டேன். உனக்கு வந்தது கோயில் கூட்டக் குறிப்பு. அதில்தான் உனக்குக் கதைமாந்தர்கள் தோளுரசி நடந்திருக்கிறார்கள்.

அவசரத்தில் செய்துவிட்டாய், கேட்டால் அப்போதாவது உறையைப் பிரிப்பாய் என்று நினைத்துத்தான் மார்ச்சில் அப்படிக் கேட்டேன். 'அந்தப் பெண்ணின் மௌனம்' என்று எழுதினாய். அந்தக் காகிதங்களில் பெண்ணே கிடையாது. எங்கள் நிர்வாகக் குழுவில் பெண்களைச் சேர்ப்பதில்லை.

அழகப்பனாவது மேடையில் ஊராருக்கு முன்னால் உளறினார். நீ எனக்குக் கையால் எழுதினாய். என் பதினோராவது கதை உன்னால் வந்தது, நீ எழுதுவதைப் பார்த்து வந்தது. உன் கடிதத்தைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பஞ்சவர்ணம்


தெம்பனிஸ்
25 மே 2025

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

உறை புத்தக அலமாரிக்கு மேலே, பொன்னாடைகளுக்கு அடியில் இருந்தது. நீ ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. கண்மணி கத்தரிக்கோலை எடுத்து வந்து நீட்டினாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

கதைகளை அனுப்பு. இந்த முறை படிக்கிறேன்.

சேகர்


ஈப்போ
8 ஜூன் 2025

சேகருக்கு,

அனுப்பமாட்டேன். புத்தகமாக வந்தால் கடையில் வாங்கிக்கொள்.

அத்தானின் காகிதங்களைத் திருப்பி அனுப்பு. பிரபாகர் கேட்கிறார், சங்கப் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டுமாம். அவசரம் அவருக்குத்தான், எனக்கில்லை.

காலைப் பார்த்துக்கொள்.

பஞ்சவர்ணம்


தெம்பனிஸ்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் காகிதங்களை இத்துடன் அனுப்புகிறேன். பிரபாகரிடம் தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அச்சிட்ட தாளைப் பார்த்தாலே கண் தானாக அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது, இத்தனை வருடப் பழக்கம். ஒவ்வொரு முறையும் அதைக் காதைப் பிடித்து இழுத்து வந்து திரும்பவும் முதல் வரியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. முழுவதும் படித்துவிட்டேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

எனக்கு அத்தான்மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அவருக்கு எழுத வரவில்லை அக்கா. எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் 'தேநீர் விருந்துடன் இனிதே நிறைவுற்றது' என்று முடிக்கிறார். புது ஒலிபெருக்கி விஷயத்தில் தலைவரும் பொருளாளரும் நாற்காலியைத் தூக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதக் குறிப்பில் 'உடைந்த நாற்காலிகளுக்குப் பதிலாக' என்று வருவதை வைத்துத்தான் அது தெரிகிறது. அந்தக் கூட்டமும் இனிதே நிறைவுற்றதாம்! யார் முதலில் தூக்கினார், யார் தடுத்தார், ஒன்றும் கிடையாது. யார் மனதையும் நோகவைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார், அதனால் யாருமே அதில் இல்லை. பாதிக்குமேல் எனக்குச் சலிப்பு தாங்கவில்லை. அதற்கும் மேல் வெறுப்பு வந்தது. அத்தான்மேல் இல்லை. பதினைந்து வருடமாக நான் எழுதிய அணிந்துரை ஒவ்வொன்றும் இதே மாதிரி இனிதே நிறைவுற்றதுதான். அவருக்கு அது கோயில் வேலை. எனக்கு அதுவே பிழைப்பு.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அத்தான் தன்னை மறந்துவிட்டார். 'செயலாளரின் மனைவி மூடியில்லாத வடிகாலில் விழுந்து எழ முடியாமல் கிடந்ததைச் செயலாளரே கண்டதால், மூடி போடும் தீர்மானம் விவாதமின்றி, தேநீருமின்றி நிறைவேறியது.' அந்தக் கூட்டம் மட்டும் இனிதே நிறைவுறவில்லை. இந்தக் காகிதங்களில் பெண்ணே கிடையாது என்று எழுதினாய். ஒருத்தி இருக்கிறாள் அக்கா.

முழங்கால் அப்படித்தான் போனதா? கடிதத்துக்குக் கடிதம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எதனால் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இங்கே விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அணிந்துரை கேட்டு வருகிறவர்களிடம் படிக்க மூன்று மாதமாகும் என்கிறேன், பாதிப்பேர் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அழகப்பன் என்னோடு பேசுவதில்லை, உடம்புக்கு நல்லது. மேடைகளில் கிடைத்த பண உறைகளும் நின்றுவிட்டன, துணைப்பாடம் சொல்லித்தரத் தீவின் மறுகோடி புக்கிட் பாத்தோக் வரை போகிறேன். புண் சுருங்கியிருக்கிறது, விரல் தப்பித்தது. நாவலின் மூன்று அத்தியாயங்களையும் உட்கார்ந்து படித்தேன். அதிலும் எல்லாரும் தோளுரசித்தான் நடந்தார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறேன், ஒரு மாதமாக அதே பக்கத்தில்.

சேகர்


ஈப்போ
31 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி சேகருக்கு,

அக்காவின் ஆசிகள். நீயும் கண்மணியும் நலமா? விரல் தப்பியதற்கு முனீஸ்வரருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஆமாம், வடிகாலில் விழுந்துதான் முழங்கால் போனது. நான் சத்தம் போட்டு அழுதேன் என்று சொல்லி அவர் வெகுநாள் என்னைக் கேலி செய்தார். தேநீரைக்கூட நிறுத்தினார் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் காகிதங்களை நானும் படித்ததே இல்லை சேகர். தூசி தட்டி உறையில் போட்டதோடு சரி. உன்னைத் திட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அவருக்கு எழுத வராது, எனக்கும் தெரியும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து சொல்லாமலே இருந்துவிட்டேன். நீ எழுதியதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

உன் பழைய கடிதங்களை நினைத்தால் இன்னும் எனக்குக் குமட்டுகிறது, அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் இத்துடன் என் கதைகளை அனுப்புகிறேன். ஒட்டுவதற்கு முன் திறந்து பார்த்துவிட்டேன், கதைகள்தான். மூன்றாவதில் மாமியாரின் பேச்சைக் குறைத்திருக்கிறேன். அணிந்துரை வேண்டாம். அத்தானைப் பற்றி எழுதிய மாதிரி என்னைப் பற்றி எழுது.

மெதுவாகப் படி. நாலே நாளில் உன் பதில் வந்தால் நானும் உறையைப் பிரிக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா